குடை பிடித்துப் பார்க்க ஓர் ஊர்: சாந்தியாகோ

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா மாநிலத்தின் தலைநகராக இருக்கிறது சாந்தியாகோ தே கொம்போஸ்தேலா. ஏசுவின் சீடர் யாகப்பரின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் பேராலயமும் அதைச் சுற்றிய கருங்கல் நகரமும் 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இந்த ஊரைப் பற்றி வந்த கேள்விகளில் மழை சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: எங்களுக்கு நவம்பரில்தான் விடுமுறை. ஸ்பெயின் என்றால் வெயில் என்றுதான் நினைத்திருந்தோம். சாந்தியாகோவில் மட்டும் மழை கொட்டும் என்கிறார்களே, பயணத்தைத் தள்ளிப்போடலாமா?
— வாசகி, சென்னை

பதில்: சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அட்லாண்டிக்கிலிருந்து வரும் மேகக்கூட்டம் முதலில் மோதுவது கலீசியா மலைகளில்தான். சாந்தியாகோவின் ஆண்டு மழை சுமார் 1,800 மி.மீ. சென்னைக்குச் சுமார் 1,400 மி.மீ. ஆனால் பெய்கிற விதம் வேறு. சென்னையில் நாலைந்து நாளில் ஊரையே மூழ்கடித்துவிட்டுப் போய்விடும். அங்கே ஆண்டுக்குச் சுமார் 140 நாட்களில் பிரித்துப் பிரித்துப் பெய்யும். பெரும்பாலும் தூறல், நடுநடுவே கால் மணி நேரம் வலுக்கும், பிறகு வானம் வெளுக்கும், மறுபடி தூறும். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பதெல்லாம் கிடையாது.

அக்டோபர் முதல் ஜனவரி வரை ஒவ்வொரு மாதமும் சராசரியாக 200 மி.மீ.க்கு மேல். ஜூலையில் 50 மி.மீ. கூட இல்லை. அதனால் மழையே வேண்டாம் என்றால் ஜூலை, ஆகஸ்ட்தான். ஆனால் அப்போது யாத்ரீகர் கூட்டத்தில் பேராலய வரிசை சதுக்கத்தைச் சுற்றி வளையும், அறை வாடகையும் ஏறியிருக்கும். நவம்பரில் தாராளமாகப் போகலாம். கவனிக்க வேண்டியது மழையைவிட வெளிச்சம். ஸ்பெயினின் மேற்கு ஓரம் என்பதாலும், கடிகாரம் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுவதாலும், டிசம்பர் கடைசியிலும் ஜனவரித் தொடக்கத்திலும் சூரியன் உதிக்கவே காலை 9 மணி ஆகும். ஏழு மணிக்கே கிளம்பிப் பழகியவர்கள் இருட்டில் குடையோடு நிற்க வேண்டியதுதான்.

முன்னறிவிப்புக்கு மெட்டியோகலீசியா என்ற மாநில வானிலை அமைப்பின் மணிவாரிக் கணிப்பைப் பாருங்கள். ‘நாளை மழை’ என்ற ஒற்றை வரியால் உங்களுக்குப் பயனில்லை. எந்த இரண்டு மணி நேரம் விடும் என்பதுதான் வேண்டும்.

கேள்வி: குடையா, மழைக்கோட்டா? என்ன செருப்பு?
— வாசகர், ஈரோடு

பதில்: இரண்டும். தூறலுக்குக் குடை, காற்றோடு வரும் மழைக்குத் தொப்பியுள்ள கோட்டு. தென்மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் மூன்றாக மடிக்கும் மலிவுக் குடை முதல் தெருமுனையிலேயே மடங்கித் திரும்பிக்கொள்ளும். அதன் கம்பிகள் மூட்டில்தான் ஒடியும்; மூட்டு அதிகம் என்றால் ஒடியும் இடமும் அதிகம். மடக்காத நீளக் குடை, ஃபைபர் கம்பி வைத்தது நிற்கும். விமானத்தில் கொண்டுபோகச் சிரமம் என்றால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கடை, உணவகம், அருங்காட்சியகம் எல்லாவற்றிலும் வாசலில் குடைத் தாங்கி இருக்கும். ஈரக் குடையை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். எல்லாம் கறுப்புக் குடை என்பதால் மாறிப்போவது சகஜம். கைப்பிடியில் ஒரு கலர் நூலைக் கட்டிவிடுங்கள்.

செருப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய நகரத்தின் தரை முழுக்கக் கருங்கல் பலகைகள். நூற்றாண்டுகளாகக் கால் பட்டு வழவழப்பாகிவிட்டவை; நனைந்தால் எண்ணெய் பூசியதுபோல ஆகிவிடும். தோல் அடியுள்ள ஷூ, தேய்ந்த கேன்வாஸ் ஷூ இரண்டும் கூடாது. ஆழமாக வரி வெட்டிய ரப்பர் அடிதான் வேண்டும். படியிலும் சரிவிலும் குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதம் முழுவதையும் பதித்து இறங்குங்கள். சறுக்குகிற இடங்கள் மூன்று: கிந்தானா சதுக்கத்தின் அகலப் படிகள், பிராத்தெரியாஸ் சதுக்கப் படிகள், சாக்கடை மேலுள்ள இரும்பு மூடிகள். நிழலே விலகாத சுவரோரங்களில் பாசியும் இருக்கும்.

ஜீன்ஸ் நனைந்தால் அந்தக் குளிரில் அன்று முழுக்கக் காயாது. மெல்லிய செயற்கை இழை பேன்ட் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். புடவை, பலாஸோ போன்றவை தரை ஈரத்தை முழங்கால் வரை உறிஞ்சும். கணுக்காலில் இறுகும் சுடிதார் பரவாயில்லை. நனைந்த ஷூவை அறை ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், அடிப்பசை விட்டுப்போகும். உள் அட்டையை உருவிவிட்டு செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினால் காலையில் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான். அன்று முழுக்க மழை என்றால் எதை எந்த வரிசையில் பார்ப்பது?
— வாசகர், திருச்சி

பதில்: ‘எதை விடுவது’ என்று யோசிக்காதீர்கள்; ஒரு கூரையிலிருந்து அடுத்த கூரைக்கு எவ்வளவு தூரம் என்று யோசியுங்கள். பழைய நகரம் சிறியது. எந்த இரண்டு இடத்துக்கும் இடையே பத்துப் பதினைந்து நிமிட நடைக்கு மேல் இல்லை. போதாக்குறைக்கு ருவா தோ விலார், ருவா நோவா என்ற இரண்டு இணைத் தெருக்களில் வீடுகளின் முன்பகுதியே தூண்கள் மேல் நிற்கிறது, அடியில் நடைபாதை. தௌரால் சதுக்கத்திலிருந்து ருவா தோ விலார் வழியே பேராலயத்தின் பக்கவாட்டுச் சதுக்கம் வரை ஏறக்குறைய நனையாமலே வந்துவிடலாம். நடுநடுவே குறுக்குச் சந்துகளில் கூரை விட்டிருக்கும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியே கட்டியது என்பதால் தூண்களின் உயரமும் தரை மட்டமும் மாறிக்கொண்டே இருக்கும். அண்ணாந்து பார்த்து நடக்கிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். இவற்றுக்குப் பக்கத்திலேயே போகும் ருவா தோ ஃபிராங்கோ உணவகத் தெரு. அங்கே இந்த வசதி இல்லை, குடையோடு குடை இடிக்கும்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காலை 9 மணிக்குப் பேராலயம். சுற்றுலாக் குழுக்கள் வருவதற்கு முன்னால் உள்ளே நிதானமாகச் சுற்றலாம். பெரிய முதுகுப்பையோடு விடமாட்டார்கள், அதைத் தங்குமிடத்திலேயே வையுங்கள். 10 மணிக்குப் பேராலய அருங்காட்சியகம். மழை நாளுக்கென்றே கட்டியதுபோல இருக்கும் இடம் இது. 16ஆம் நூற்றாண்டு உள்முற்றம், அதில் இறக்கி வைத்த பழைய ஆலயமணிகள், 12ஆம் நூற்றாண்டுச் சிற்பி மாஸ்டர் மத்தேயோ செதுக்கிய கல் பாடகர் மேடையின் மறுகட்டமைப்பு, கோயாவின் ஓவிய மாதிரிகளைக் கொண்டு நெய்த திரைச்சீலைகள். மேல்தளத்தில் கூரையுள்ள நீளத் தாழ்வாரம் ஒன்று பேராலயத்தின் முன்னுள்ள ஒப்ரதோய்ரோ சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. கீழே எல்லோரும் நனைந்துகொண்டு படமெடுக்கும் அதே காட்சியை இங்கிருந்து உலர்ந்தபடி பார்க்கலாம்.

12 மணிக்கு ஐந்து நிமிட நடையில் சந்தை, மெர்காதோ தே அபாஸ்தோஸ். கோயில் மண்டபங்கள்போலக் கருங்கல்லில் கட்டிய நீள நீளக் கூடங்கள். உள்ளே மீனும் பாலாடைக்கட்டியும். வெளியே கிராமத்துப் பெண்கள் சொந்தத் தோட்டக் கீரையைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். மதியத்துக்கு மேல் கடைகள் கட்டத் தொடங்கிவிடும், ஞாயிறு விடுமுறை.

ஒன்றரைக்குச் சாப்பாடு. அதற்கு முன்னால் பல உணவகங்களில் சமையல் தயாராக இருக்காது. சாப்பிட்டு முடிக்கிறபோது சிறு கடைகள் எல்லாம் மாலை 5 மணி வரை மூடிக்கிடக்கும். இந்த நேரத்தில்தான் முதல்முறை வருகிறவர்கள் மழையில் போக இடமில்லாமல் மாட்டிக்கொள்கிறார்கள். நேரே பொனவால் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே முன்னாள் தோமினிக்க மடத்தில் கலீசிய மக்கள் அருங்காட்சியகம் இருக்கிறது. படகு, தறி, ஏர் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்துக்குப் போவது படிக்கட்டுக்காக. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோமிங்கோ தே அந்திராதே கட்டியது. ஒரே கூண்டுக்குள் மூன்று சுருள் படிக்கட்டுகள், ஒன்றையொன்று தொடாமல் பின்னிப்பின்னி ஏறும். நடுவில் தூணே கிடையாது. ஒவ்வொரு கல்லும் ஒரு முனையில் மட்டும் சுவருக்குள் செருகியிருக்கிறது. மேலேறிக் குனிந்து பார்த்தால் எதில் வந்தோம் என்றே தெரியாது. நிச்சயமாக ஊரின் இரண்டாவது பெரிய அதிசயம், கூட்டமும் இருக்காது. பக்கத்துக் கட்டடம் போர்ச்சுகல் கட்டடக்கலைஞர் ஆல்வாரோ சீசா வடிவமைத்த தற்காலக் கலை மையம். மழை நிற்கும் வரை அங்கே சுற்றலாம்.

மாலை ஆறரைக்குத் தூண் தெருக்களுக்குத் திரும்பி ஒரு காபி, ஏழரைக்குப் பேராலயத்தில் யாத்ரீகர் திருப்பலி. திருப்பலி நேரத்தில் உள்ளே சுற்றிப்பார்க்க அனுமதியில்லை, உட்கார்ந்துதான் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: பொனவாலில் உள்ள அருங்காட்சியகம், கலை மையம் இரண்டும் திங்களன்று மூடியிருக்கும். அன்று பேராலயத்துக்கு எதிரிலுள்ள சான் மார்த்தீன்யோ பினாரியோ மடத்துத் தேவாலயத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசலுக்குப் படியேறிப் போகாமல் படியிறங்கிப் போக வேண்டும், அதனால் ஈரத்தில் கவனம்.

கேள்வி: ‘மகிமை வாசல்’ என்பது பேராலயத்தின் முன்வாசல்தானே? அதற்கு மட்டும் ஏன் தனி டிக்கெட், நேரக் கட்டுப்பாடு? படமும் எடுக்கக் கூடாதாமே?
— வாசகி, மதுரை

பதில்: எல்லாம் ஈரத்தால் வந்தது. போர்ட்டிகோ தா க்ளோரியா என்ற இந்த மூன்று வளைவு வாசலை மாஸ்டர் மத்தேயோவின் பட்டறை செதுக்கியது. நிலைக்கல்லில் 1188 ஏப்ரல் 1 என்று தேதி வெட்டியிருக்கிறது. நடு வளைவில் ஏசு, அவரைச் சுற்றி இசைக்கருவிகளை மீட்டும் 24 முதியவர்கள், பக்கத்தில் புன்னகைக்கும் தீர்க்கதரிசி தானியேல். கல்லாகத் தெரிந்தாலும் இதெல்லாம் வண்ணம் தீட்டிய சிற்பங்கள். ஒருமுறை அல்ல, வெவ்வேறு நூற்றாண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக.

18ஆம் நூற்றாண்டில், 1738 முதல் 1750 வரை, ஃபெர்னாந்தோ தே காசாஸ் நோவோவா இதற்கு முன்னால் இன்றைய ஒப்ரதோய்ரோ முகப்பைக் கட்டினார். அதனால்தான் நேரடி மழையிலிருந்து வாசல் தப்பியது. ஆனால் மேலே கோபுரங்களின் இணைப்புகள் வழியே தண்ணீர் கசிந்து இறங்கியது. கல்லுக்குள் ஊறிய தண்ணீர் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவரும். மேற்பரப்பில் அது காய்கிறபோது உப்பு படிகமாகி வண்ணப்படலத்தைக் கீழிருந்து நெம்பிவிடும். இதோடு மூடிய இடத்தில் கூட்டம் கூடினால் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்த கல்லில் வியர்க்கும். பல ஆண்டுப் பழுதுபார்ப்பில் முதலில் செய்த வேலை கூரைக் கசிவை அடைத்ததுதான். 2018இல் திறந்தபோது நீலமும் பொன்னும் மறுபடி தெரிந்தன. இப்போது குறைந்த எண்ணிக்கையில், குறித்த நேரத்துக்கு மட்டும் உள்ளே விடுவது அதனால்தான். முன்பெல்லாம் யாத்ரீகர்கள் நடுத்தூணில் விரல் பதித்து வணங்குவார்கள். அந்த ஐந்து குழிகளும் இன்றும் தெரிகின்றன, தொட மட்டும் முடியாது.

டிக்கெட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். மழை நாளில் எல்லோரும் உள்ளே இருக்கும் இடங்களைத் தேடுவதால் அன்றைய நேரங்கள் காலையிலேயே தீர்ந்துவிடும். கையில் ஒரு சிறு பைனாகுலர் இருந்தால் முதியவர்களின் விரல்கள் நரம்பின் மேல் எப்படி இருக்கின்றன என்பது வரை பார்க்கலாம்.

கேள்வி: பெரிய தூபக்கலசம் ஆடுவதை எப்போது பார்க்கலாம்? எங்கே உட்கார வேண்டும்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: போத்தாஃபுமேய்ரோ தினமும் ஆடாது. ஜனவரி 6, ஈஸ்டர் ஞாயிறு, மே 23, ஜூலை 25, ஆகஸ்ட் 15, நவம்பர் 1, டிசம்பர் 8, டிசம்பர் 25, டிசம்பர் 30 போன்ற பண்டிகை நாட்களில் உறுதி. மற்ற நாட்களில் யாராவது யாத்ரீகர் குழு காணிக்கை கட்டி முன்பதிவு செய்திருந்தால் உண்டு. அதை நம்பிப் பயணத் தேதி வைக்காதீர்கள்.

இப்போதுள்ள கலசம் 1851இல் செய்த வெள்ளி முலாம் பூசிய பித்தளை. எடை 50 கிலோவுக்கு மேல். எட்டுப் பேர் கயிற்றை இழுப்பார்கள். கலசம் ஊஞ்சலின் அடிமட்டத்தைக் கடக்கும் கணத்தில் இழுப்பு, உச்சிக்குப் போகும்போது தளர்வு. இந்தத் தாளம் பிசகாமல் இருந்தால் ஒன்றரை நிமிடத்தில் கிட்டத்தட்ட கூரையைத் தொடும். அது ஆடுவது வடக்கு–தெற்காக, குறுக்குக் கூடத்தில். அதனால் பீடத்துக்கு நேர் எதிரே நடுக்கூடத்தில் இடம் பிடித்தவர்களுக்கு அது குறுக்கே பறந்து மறைவது மட்டும்தான் தெரியும். குறுக்குக் கூடத்தின் வடக்கு, தெற்குக் கைகளில் உட்காருங்கள். பண்டிகை நாளில் ஒரு மணி நேரம் முன்பே போக வேண்டும். வரிசை நிற்பது திறந்த சதுக்கத்தில், கூரை இல்லை.

கேள்வி: பேராலயக் கூரை மேல் நடக்கும் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்யலாமா?
— வாசகர், கோவை

பதில்: கூரை முழுக்கச் சரிவான கல் படிகள். மழை வலுத்தால் ஏற்ற மாட்டார்கள். ஒரே நாள் தங்குகிறவர்கள் குளிர்காலத்தில் இதற்குப் பணம் கட்ட வேண்டாம். இரண்டு மூன்று நாள் இருந்தால், முதல் நாளுக்குப் போடுங்கள்; ரத்தானால் வேறு தேதிக்கு மாற்ற நாள் மிச்சமிருக்கும். பணம் திருப்பித் தருவார்களா, தேதி மட்டும் மாற்றுவார்களா என்று டிக்கெட் விதியைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: குளிரும் மழையும் என்றால் சூடாக ஏதாவது சாப்பிடத் தோன்றும். நாங்கள் சைவம், என் மாமியார் முட்டையும் சாப்பிட மாட்டார். என்ன கிடைக்கும்?
— வாசகி, சேலம்

பதில்: முதலில் எதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுகிறோம். ‘கால்தோ கலேகோ’ என்று எல்லா உணவகத்திலும் கொதித்துக்கொண்டிருக்கும் சூப். கீரை, உருளைக்கிழங்கு, வெள்ளைப் பீன்ஸ் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் அதன் மணமே ‘உன்தோ’ என்ற பதப்படுத்திய பன்றிக் கொழுப்பிலிருந்து வருவது. சைவம் என்று சொன்னால் கறித்துண்டுகளை எடுத்துவிட்டு அதே சூப்பை ஊற்றித் தருவார்கள். ‘யேவா உன்தோ?’ என்று நேரடியாகக் கேளுங்கள். எம்பனாதா என்ற பெரிய அடையின் மாவிலும் கொழுப்பு சேர்ந்திருக்கலாம், உள்ளே பெரும்பாலும் சூரை மீன். சைவ சாலட் கேட்டாலும் சூரை வரும். ‘சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் அதூன், சின் ஹமோன்’ என்று இறைச்சி, மீன், சூரை, பன்றித்தொடை நான்கையும் தனித்தனியே மறுத்துவிடுவதுதான் ஒரே வழி.

முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்ட தடித்த ஆம்லெட்டான தோர்த்தியா எங்கும் உண்டு; சூடாகக் கேளுங்கள். மாமியாருக்கு: ஆலிவ் எண்ணெயில் பொரித்துக் கல்லுப்பு தூவிய பத்ரோன் மிளகாய் (கோடையில்தான் புதிதாகக் கிடைக்கும், பத்தில் ஒன்று உறைக்கும் என்பார்கள், நம் நாக்குக்கு அது ஒன்றுமே இல்லை), நவம்பரில் தெருவோரம் சுட்ட செஸ்ட்நட், கெட்டிச் சூடு சாக்லெட்டோடு சுரோஸ் என்ற எண்ணெயில் பொரித்த மாவுக் குச்சி. சுரோஸ் மாவு வழக்கமாக மைதா, தண்ணீர், உப்பு மட்டும், ஆனாலும் கேட்டுவிடுங்கள். கடைதோறும் அடுக்கியிருக்கும் தார்த்தா தே சாந்தியாகோ கேக்கில் மைதாவே கிடையாது. பாதாம், சர்க்கரை, முட்டைதான். ஆகவே அவருக்கு ஆகாது.

கேள்வி: ரயிலில் வருகிறோம். சக்கரப் பெட்டியோடு, 70 வயது அப்பாவோடு மழையில் விடுதிக்கு எப்படிப் போவது?
— வாசகர், பெங்களூரு

பதில்: ரயில் நிலையம் பள்ளத்தில், பழைய நகரம் மேட்டில். நடுவே நீளப் படிக்கட்டு. நடக்கவே வேண்டாம், டாக்சி பிடியுங்கள். பழைய நகரத்துக்குள் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. முன்பதிவு செய்யும்போதே ‘டாக்சி எந்த முனை வரை வரும்?’ என்று விடுதியிடம் கேட்டு அந்த இடத்தின் பெயரை எழுதி வைத்து ஓட்டுநரிடம் காட்டுங்கள். கற்பலகை இடுக்குகளில் சின்னச் சக்கரங்கள் மாட்டும். கட்டடம் பழசு என்பதால் லிஃப்ட் இருக்கிறதா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

கேள்வி: மழை நாளில் ஃபிஸ்தெர்ரா போய்வரலாமா?
— வாசகர், கொழும்பு

பதில்: ‘உலகின் முடிவு’ என்று ரோமானியர் காலத்திலிருந்து பேசப்படும் அந்தக் கடல்முனைக்குப் பேருந்தில் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊரிலிருந்து கலங்கரை விளக்கம் இன்னும் சுமார் 3 கி.மீ.; ஒதுங்க மரம்கூட இல்லாத சாலை. கடல்மூட்டம் இறங்கினால் பாறை விளிம்பு தெரியாது, கடல் சத்தம் மட்டும்தான் கேட்கும். காற்று எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். அன்றைக்கு அரை மணி நேர ரயிலில் ஆ கொருன்யா நகருக்குப் போய், கண்ணாடி மாடங்கள் வரிசையாக நிற்கும் துறைமுகத் தெருவைப் பார்த்து வாருங்கள்.

மழை விட்ட மறுநாள் என்றால் கதையே வேறு. ஃபிஸ்தெர்ரா போகும் பல ஒருநாள் சுற்றுலாக்களில் எசாரோ அருவியும் சேர்த்தி. ஷாயாஸ் ஆறு பாறையிலிருந்து நேரே கடல் முகத்தில் விழும் இடம் அது. கோடையில் கோடு கோடாக வழிவது, இரண்டு நாள் மழைக்குப் பிறகு பாறையையே மறைத்துக்கொண்டு கொட்டும்; மரப்பாலத்தில் நிற்கிறவர்கள் சாரலிலேயே நனைந்துவிடுவார்கள். கோட்டு அன்றைக்கும் வேண்டும்.